போர் முடிந்த ஊரில் ஆஸ்பத்திரியை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாட்டில் சண்டை ஓய்ந்ததும் செய்திகளில் முதலில் வருவது கட்டடக் கணக்கு. எத்தனை ஆஸ்பத்திரி இடிந்தது, எந்த நாடு எத்தனை கோடி கொடுத்தது, எந்த மந்திரி அடிக்கல் நாட்டினார் என்று படம் போட்டு வரும். கட்டடம் வேண்டியதுதான். ஆனால் பொது சுகாதாரம் என்பதில் பெரும்பகுதி அந்தக் கட்டடத்துக்கு வெளியே, யார் கண்ணிலும் அதிகம் படாமல் நடக்கிற வேலை. அந்த வேலையைப் போர் எப்படிக் குலைக்கிறது, குலைந்ததை எங்கிருந்து பிடித்துத் தூக்குகிறார்கள் என்பதை, இந்த விஷயத்துக்கே புதியவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன்.

நமக்குத் தெரிந்த இடத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். மேலூர்ப் பக்கம் ஒரு துணை சுகாதார நிலையம். புதன்கிழமை, ஊசி போடும் நாள். காலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நீலப் பெட்டி வந்து இறங்கும். உள்ளே நான்கு பக்கமும் ஐஸ் பேக், நடுவில் மருந்துக் குப்பிகள். 2 டிகிரியிலிருந்து 8 டிகிரிக்குள்ளேயே அவை இருந்தாக வேண்டும். குப்பியின் மேல் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய ஒரு சதுரம் அச்சடித்திருக்கும். சூடு பட்டால் அந்தச் சதுரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருக்கும். சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்தைப் போடக் கூடாது. நர்ஸம்மா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சிரிஞ்சைப் பிரிப்பார். பக்கத்தில் அவருடைய நோட்டு. எந்த வீட்டில் எந்த மாசம் பிள்ளை பிறந்தது, யாருக்கு இரண்டாவது ஊசி தவறிப்போனது, எந்த மருமகள் பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருக்கிறாள், எல்லாம் அதில் இருக்கும். பதினோரு மணி வரைக்கும் வராத தாய்க்கு போன் போகும்: "ஏம்மா, பிள்ளைக்கு ஒன்றரை மாசம் ஆயிருச்சுல்ல, தூக்கிட்டு வா. காய்ச்சல் வரும்னு மாமியா சொன்னா எங்கிட்ட பேசச் சொல்லு."

ஊசி போட ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அந்த ஐந்து நிமிஷத்துக்காக மதுரையில் கரண்ட் போகாத ஒரு குளிர்பதனக் கிடங்கு வேண்டும். அங்கிருந்து மேலூர் வர வண்டி, டீசல், பயமில்லாமல் போகக்கூடிய ரோடு வேண்டும். நர்ஸம்மாவுக்கு மாசம் பிறந்தால் சம்பளம் வர வேண்டும். அவர் ஓய்வுபெறும்போது அடுத்தவரைத் தயார் செய்து அனுப்ப ஒரு பயிற்சிப் பள்ளி வேண்டும். எந்த ஊரில் எத்தனை பிள்ளை என்ற கணக்கு வேண்டும். ஊசி நல்லதுக்குத்தான் என்று ஜனங்கள் நம்ப வேண்டும். நம் பக்கத்துச் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேல் தாலுகா ஆஸ்பத்திரி, கடைசியில் மதுரை பெரியாஸ்பத்திரி என்று அடுக்காக இருப்பதெல்லாம் இந்த ஏற்பாட்டின் வெளித்தோற்றம். உள்ளே இருப்பதை உலக சுகாதார நிறுவனம் 2007இல் ஆறாகப் பிரித்துச் சொன்னது: சேவை, பணியாளர், தகவல், மருந்து, பணம், நிர்வாகம். இதில் ஒன்று அறுந்தாலும் புதன்கிழமை அந்தப் பெட்டி வந்து சேராது.

போர் இந்த ஆறையும் ஒரே சமயத்தில் அறுக்கிறது.

ஆஸ்பத்திரியே தாக்கப்படுவது நம் பக்கத்து நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளோடு டாக்டர்களும் நர்ஸ்களும் மற்ற ஊழியர்களும் செத்துப்போனார்கள். செய்தது நம் ராணுவம் என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வரவில்லை. 2009இன் தொடக்கத்தில் வன்னியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி மீது திரும்பத் திரும்ப ஷெல் விழுந்தது. போர்க்களத்திலும் ஆஸ்பத்திரியைத் தொடக் கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தங்களின் அடிப்படை விதி. 2016 மே மாதம் ஐநா பாதுகாப்புச் சபை 2286 என்ற தீர்மானத்தில் அதை இன்னொரு முறை வலியுறுத்தியது. அதற்குப் பிறகும் தாக்குதல் நிற்கவில்லை.

ஓர் ஆஸ்பத்திரியில் குண்டு விழுந்தால் சேதம் அந்தச் சுவரோடு முடிவதில்லை. சுற்றுவட்டாரத்தில் பிரசவ வலி கண்ட பெண்ணும் அங்கே போகப் பயப்படுவாள். டாக்டர்கள் கிளம்பிவிடுவார்கள். படிப்பும் பாஸ்போர்ட்டும் வெளிநாட்டில் சொந்தக்காரர்களும் உள்ளவர்களால்தான் முதலில் கிளம்ப முடியும். அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஊர் ஜனம் ஒரு முகாமில், அந்த ஊரை வீடு வீடாகத் தெரிந்த நர்ஸ் வேறு ஒரு முகாமில் என்று சிதறிப் போவார்கள். நோட்டு எரிந்திருக்கும்.

இந்த நோட்டு விஷயத்தை ஒரு அம்மா எனக்கு நன்றாகப் புரியவைத்தார். மதுரையில் ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அதில் ஒன்றில் இருப்பவர். 1990இல் கைக்குழந்தையோடு படகேறி ராமேஸ்வரம் கரைக்கு வந்து, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவர். "பிள்ளைக்கு என்ன என்ன ஊசி போட்டிருக்கு எண்டு கேட்டவை தம்பி. காட் வீட்டோட போட்டுது. நான் எதைச் சொல்லுறது? முதல்ல இருந்து போடுங்கோ எண்டு சொன்னன்" என்றார். அவர் சொன்னது சரியான முடிவு. அட்டை இல்லையென்றால் ஊசி போடாத பிள்ளையாகக் கருதி மறுபடி போடுவதுதான் மருத்துவ வழக்கமும். ஒரு பிள்ளை என்றால் அது சுலபம். ஒரு மாகாணம் முழுக்கப் பிள்ளைகளின் அட்டை தொலைந்தால்? எத்தனை குப்பி தருவிப்பது, எத்தனை பெட்டி வாங்குவது, எந்த ஊரில் அம்மை வெடிக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது. அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் செங்கல்லுக்கு முன்னால் கணக்கெடுப்பைத் தொடங்குகிறார்கள்: யார் இருக்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள், அவர்களில் கர்ப்பிணி யார், கைக்குழந்தை யார், எந்த நிலையத்தில் இன்னும் ஒரு நர்ஸாவது உட்கார்ந்திருக்கிறார்.

சண்டை முழுசாக முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்தால்?

நோய் அதற்காகக் காத்திருக்காது. ஏமன் நாட்டில் 2016இல் காலரா கிளம்பி, 2017 முடிவதற்குள் காலராவாக இருக்கலாம் என்று பதிவானவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். காலராவுக்கு மருந்து பெரிய ரகசியம் இல்லை. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த கரைசலைச் சரியான நேரத்தில் குடிக்கக் கொடுத்தாலே பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுவார்கள். அங்கே தண்ணீர் பம்பு ஓடவில்லை, கழிவுநீர் நிலையத்துக்குக் கரண்ட் இல்லை, தெருவில் குப்பை அள்ள ஆள் இல்லை, சுகாதாரப் பணியாளர் பல்லாயிரம் பேருக்கு மாசக்கணக்கில் சம்பளம் வரவில்லை. காலராவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆகவே சண்டைக்கு நடுவிலேயே வேலையைத் தொடங்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த 1985இல், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவதற்காக இரு தரப்பும் சில நாட்கள் துப்பாக்கியைக் கீழே வைத்தன. போர் முடிகிற வரை வருஷா வருஷம் இது நடந்தது. 'அமைதி நாட்கள்' என்று அதற்குப் பெயர் வந்தது. 1995 முதல் இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போலியோ சொட்டு மருந்துக்காக இதே ஏற்பாடு செய்யப்பட்டது. இலங்கையில் கடைசியாகப் போலியோ வந்தது 1993இல். அத்தனை வருஷப் போரிலும் அது திரும்பி வரவே இல்லை. காசாவில் 2024 ஆகஸ்டில், 25 வருஷத்துக்குப் பிறகு முதல் முறையாக ஒரு பத்து மாதக் குழந்தைக்குப் போலியோவால் கால் செயலிழந்தது. செப்டம்பரில், பகுதி பகுதியாகச் சில மணி நேரம் சண்டையை நிறுத்திவைத்து, ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள். இந்த வைரஸ் அங்கே பரவுவதை முதலில் காட்டிக்கொடுத்தது சாக்கடைத் தண்ணீரின் மாதிரிப் பரிசோதனை. இடிபாடுகளுக்கு நடுவிலும் யாரோ ஒருவர் குப்பியில் சாக்கடைத் தண்ணீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். பொது சுகாதாரம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல அடையாளம் தெரியவில்லை.

சரி, சண்டை ஓய்ந்துவிட்டது. இப்போது ஆள் வேண்டும். ஒரு டாக்டர் உருவாக ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை ஊர் தாங்காது. இதற்கு ஆப்கானிஸ்தான் கண்ட வழியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது. 2002இல் அங்கே எடுத்த ஆய்வில், உயிரோடு பிறக்கும் 1 லட்சம் குழந்தைகளுக்கு 1,600 தாய்மார் பிரசவத்தில் இறப்பது தெரிந்தது. மலைப்பகுதியான பதக்‌ஷானில் அந்த எண் 6,500. தமிழ்நாட்டில் இன்று அது 60க்கும் கீழே. நாடு முழுவதற்கும் அப்போது இருந்த பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் 500 பேர்கூட இல்லை. ஆண் டாக்டரிடம் பெண்ணைக் காட்ட வீட்டார் சம்மதிக்காத ஊர்களில், மருத்துவச்சி இல்லை என்றால் யாருமே இல்லை. தலைநகரில் படித்த பெண்ணை மலைக்கிராமத்துக்கு அனுப்பினால் அவள் நிலைக்க மாட்டாள். எனவே தலைகீழாக யோசித்தார்கள். ஊர் மக்களே தங்கள் ஊர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். அவள் மாகாணத் தலைநகரில் தங்கி ஒன்றரை முதல் இரண்டு வருஷம் படித்துவிட்டு அதே ஊருக்குத் திரும்புவாள். இப்படிச் சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். ருவாண்டாவும் 1994 இனப்படுகொலைக்குப் பின் இதே திசையில் போனது. கிராமத்துக்கு மூன்று பேர் வீதம், ஊரார் தேர்ந்தெடுத்த சுமார் 45,000 சுகாதாரப் பணியாளர்கள். அக்கம்பக்கத்தார் ஒருவரை ஒருவர் கொன்ற நாட்டில், வாசலில் வந்து நிற்கிறவர் யார் என்பது மருந்தைவிட முக்கியமாகிவிடுகிறது.

ஆள் வந்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். பல நாடுகள் இங்கேதான் தடுக்கி விழுகின்றன. சண்டை ஓய்ந்த முதல் இரண்டு மூன்று வருஷம், வைகையில் வெள்ளம் வருகிற மாதிரி உதவிப் பணம் ஒரேயடியாக வரும். தேக்கிவைக்கக் கண்மாய் தயாராக இல்லாவிட்டால் சீக்கிரமே மணல் தெரியும். மொசாம்பிக்கில் 1992 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள் நிறைய வந்தன. அவற்றின் நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு ஆஸ்பத்திரி நர்ஸுக்குக் கிடைத்த சம்பளத்தைப்போலப் பல மடங்கு கொடுத்து அவரைத் தங்கள் அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டன. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி வண்டி, தனி மருந்துக் கிடங்கு, தனி அறிக்கைப் படிவம். பிரசவ வார்டில் இருக்க வேண்டியவர் ஏதோ ஒரு கருத்தரங்கில் உட்கார்ந்திருந்தார். பிறகு அரசும் நிறுவனங்களும் சேர்ந்து, ஆளை இழுக்கக் கூடாது, அரசின் திட்டத்துக்கு வெளியே தனியாக ஓடக் கூடாது என்று ஒரு நடத்தை விதி எழுதிக்கொள்ள வேண்டிவந்தது. என்னைக் கேட்டால், உதவி செய்ய வருகிற எவரும் முதல் நாளிலேயே ஒரே சம்பள விகிதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அதற்கு நல்ல பாடம் நம்மிடமே இருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம், தேவையான மருந்துகளை மட்டும் பட்டியல் போட்டு, மாநிலத்துக்கே மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். அதில் உள்ள தொகைக்குள் எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளலாம். போர் கண்ட நாடுகளில் தேவைப்படுவதும் பெரும்பாலும் இதுதான். சிறிய பட்டியல், ஒரே கொள்முதல், எடுத்ததற்குக் கணக்கு. நன்கொடையாக வந்து குவியும், யாரும் கேட்காத, காலாவதியான மாத்திரைகளை வைக்க இடம் தேடுவது அங்கே தனி வேலையாகிவிடும்.

யார் நடத்துவது என்பதுதான் கடினமான கேள்வி. ஆப்கானிஸ்தானில் 2003இல் ஓர் அடிப்படைச் சேவைத் தொகுப்பை வகுத்தார்கள். பிரசவம், தடுப்பூசி, குழந்தை நோய்கள், காசநோய், மலேரியா என்று சாவைக் குறைக்கக்கூடிய சில வேலைகளை மட்டும், எந்த நிலையத்தில் எது என்று எழுதிவைத்தார்கள். அமைச்சகம் திட்டம் போடும், கண்காணிக்கும். தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்தம் எடுத்து நடத்தும். பணம் உலக வங்கி, அமெரிக்கா, ஐரோப்பாவிலிருந்து வரும். அமைச்சகத்திடம் ஆளே இல்லாத நேரத்தில் அது நியாயமான வழிதான், பலனும் தந்தது. 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறியதும் அந்தப் பணம் நின்றது. 2,000க்கும் மேற்பட்ட நிலையங்கள் சில வாரங்களிலேயே ஆட்டம் கண்டன. சில மாதங்களில் ஐநா அமைப்புகள் பணியாளர் கையிலேயே நேராகச் சம்பளத்தைச் சேர்த்துத்தான் பலவற்றைத் திறந்துவைக்க முடிந்தது. 2024 டிசம்பரில் தாலிபான் அரசு, பெண்கள் மருத்துவப் பயிற்சி நிலையங்களில் படிப்பதையே தடை செய்தது. ஊரார் தேர்ந்தெடுத்து அனுப்பிய அந்த மருத்துவச்சிகளுக்குப் பின்னால் வர இனி ஆள் தயாராகவில்லை. இதைச் சாதாரண நிர்வாக உத்தரவாக என்னால் பார்க்க முடியவில்லை. இன்னும் பிறக்காத பிள்ளைகளின் தாய்மார்மீது போட்ட தண்டனை இது.

பாதி கட்டி நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு லைபீரியா இருக்கிறது. 2003இல் அங்கே உள்நாட்டுப் போர் முடிந்தது. பதினோரு வருஷம் கழித்து எபோலா வந்தபோது, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு இருந்த டாக்டர்கள் ஐம்பது பேர் அளவுதான். பல ஆஸ்பத்திரிகளில் கையுறை இல்லை, கை கழுவத் தண்ணீர் இல்லை. லைபீரியா, சியரா லியோன், கினி மூன்று நாடுகளிலும் சேர்த்து 11,300 பேருக்கு மேல் இறந்தார்கள். லைபீரியாவின் டாக்டர், நர்ஸ், மருத்துவச்சிகளில் 100க்கு 8 பேர் எபோலாவில் போய்விட்டார்கள். கஷ்டப்பட்டுச் சேர்த்த ஆட்களையே அது கொண்டுபோனது.

போர் உடம்பில் விட்டுப்போவதும் கணக்கில் வர வேண்டும். கண்ணிவெடியில் கால் இழந்தவருக்கு ஒரு செயற்கைக் கால் கொடுத்தால் முடிந்துவிடாது. அது தேயும், மாற்ற வேண்டும், வளரும் பிள்ளை என்றால் அடிக்கடி மாற்ற வேண்டும். ராஜஸ்தானில் உருவான ஜெய்ப்பூர் காலைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஒரு மையம் இந்த வேலையைச் செய்துவருகிறது. மனசுக்கு ஆன காயம் இன்னும் மெதுவாகத்தான் வெளியே வரும்: தூக்கமின்மையாக, குடியாக, காணாமல் போனவரைத் தேடி ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கும் தாயின் நெஞ்சுவலியாக. ஊர் நர்ஸுக்கு இதைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். மனநல டாக்டர் நகரத்தைத் தாண்டி வருவது அபூர்வம்.

இத்தனையும் சரியாகக் கூடிவந்த ஒரு கதையும் இலங்கையிலிருந்தே கிடைக்கிறது. 1999இல் அங்கே மலேரியா நோயாளிகள் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல். போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும்தான் சுமை அதிகம். அரசின் மலேரியாத் தடை இயக்கம் சண்டைக்காக வேலையை நிறுத்தவில்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியிலும் அரசு டாக்டர்கள் கொழும்பிலிருந்து வந்த சம்பளத்தில் வேலை பார்த்தார்கள். வீட்டுச் சுவருக்கு மருந்து அடிக்கவும் கொசுவலை கொடுக்கவும் இரு தரப்பும் இடம் கொடுத்தன, ஏனென்றால் கொசு இரு தரப்பையும் கடித்தது. தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடமாடும் பரிசோதனைக் குழுக்களை உள்கிராமங்களுக்கு அனுப்பின. காய்ச்சல் என்றால் ரத்தம் எடு, மைக்ரோஸ்கோப்பில் பார், உறுதியானால் மருந்து கொடு என்ற சாதாரண வேலைதான், விடாமல் நடந்தது. 2009இல் போர் முடிந்தபோது நோயாளிகள் ஆயிரத்துக்கும் கீழே வந்திருந்தார்கள். உள்நாட்டிலேயே தொற்றிய கடைசி நோயாளி 2012 அக்டோபரில். 2016 செப்டம்பரில் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இதற்கு முன்பும் ஒரு முறை இலங்கை இவ்வளவு அருகில் வந்தது. 1963இல் நாடு முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. வென்றுவிட்டோம் என்று மருந்தடிப்பையும் கண்காணிப்பையும் தளர்த்தினார்கள். 1969இல் மட்டும் 5 லட்சம் பேருக்கு மேல் மலேரியாவில் படுத்தார்கள். அதனால் இந்த முறை கையை எடுக்கவில்லை. 2016 கடைசியில் மன்னாரில் ஒரு புதுவகைக் கொசு கண்ணில் பட்டது. நம் ஊர் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் பெருகி நகரத்து மலேரியாவைப் பரப்பும் அதே கொசு. பூச்சியியல் ஆட்கள் உடனே கிணறு கிணறாக இறங்கித் தேடினார்கள். வெளிநாட்டிலிருந்து ஒரே ஒரு நோயாளி வந்தாலும் அவர் வீடு தேடிப்போய்ச் சுற்றியிருப்பவர்களுக்கு ரத்தம் எடுக்கிறார்கள், அந்தத் தெருவில் கொசு பிடித்துப் பார்க்கிறார்கள். மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான். இந்தியாவுக்கு வந்து திரும்பிய ஒருவர் அங்கே காய்ச்சலோடு படுத்தால் டாக்டர் கேட்க வேண்டிய கேள்விகளில் அண்மையில் எங்கே போய் வந்தீர்கள் என்பதும் ஒன்று. அந்த ஒரு கேள்விக்காக, நோயே இல்லாத இந்த வருஷங்களிலும், அந்த இயக்கத்தின் ஆட்களுக்குச் சம்பளம் போய்க்கொண்டிருக்கிறது.